சோதனைப் பேனா சொல்லாத சேதி

பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டும் மோதிரத்தில் இருக்கும் வைரமும் ஒரே சரக்குதான். இரண்டும் கார்பன், அடுக்கிய விதம்தான் வேறு. கிராஃபைட்டில் ஒவ்வோர் அணுவும் மூன்று அணுக்களோடு சேர்ந்து தாள் தாளாக நிற்கிறது. தாள்கள் வழுக்குவதால் எழுத முடிகிறது. வைரத்திலோ ஒவ்வோர் அணுவும் நான்கு அணுக்களை 109.5 டிகிரி கோணத்தில் இறுகப் பற்றியிருக்கிறது. கல் முழுவதும் ஒரே பின்னல். (அதற்காகச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டாம்; சில திசைகளில் சுலபமாகப் பிளந்துவிடும்.)

இந்தப் பின்னல் தாமிரத்தைவிடப் பல மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். நம் நகைக்கடைகளில் உள்ள சோதனைப் பேனா பார்ப்பது இதைத்தான். கண்ணாடியும் சிர்கோனியாவும் அதனிடம் அகப்பட்டுவிடும். மாய்சனைட் தப்பிவிடும்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தின் கதை வேறு. 1954இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வாளர்கள் செய்து காட்டியது அது. அதே கார்பன், அதே பின்னல். பேனா 'வைரம்' என்றால் அது பொய்யும் அல்ல. ஆனால் விலை எங்கோ கீழே. பேனாவை மட்டும் நம்பி 'இயற்கை வைரம்' என்று பில் எழுதினால், நாளை வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். பழைய நகையை மாற்றிக்கொள்ளும்போதும் ஆய்வுக்கூடச் சான்றிதழைக் கேட்டு வாங்குவோம்.