சமையற்கட்டில் நிற்கும் பிள்ளைகள்

பசித்து வந்தவருக்கு இலை போட்டு அன்னமிடுவதைப் புண்ணிய காரியமாகவே நம் முன்னோர் கருதி வந்தனர். ஆயினும் அந்த இலைக்குச் சோறு வந்து சேர்வதற்குள், உள்ளே கொதிக்கும் எண்ணெய்க்கும் சுழலும் கல்லுக்கும் வழுக்கும் தரைக்கும் நடுவே நின்று உழைக்கிற 18, 20 பிராயத்துப் பிள்ளைகளின் க்ஷேமத்தைப் பற்றி, உண்டு எழுந்து போகிறவர்களும் சரி, கல்லாவில் அமர்ந்திருப்பவர்களும் சரி, போதிய அளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை. தென்மாவட்டக் கிராமங்களிலிருந்தும், இப்போது ஒடிசா, பீகார், அஸ்ஸாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் ஓட்டல் வேலைக்கு வந்து சேரும் இவர்களில் ஒருவன் கையைச் சுட்டுக்கொண்டால், 'அஜாக்கிரதை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். வந்த அன்றே வாளியைக் கையில் கொடுத்து வேலையில் இறக்கிவிட்டோமே, எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்று அவனுக்குப் புரிகிற பாஷையில் யாராவது சொன்னோமா என்று நம்மை நாம் கேட்டுக்கொள்வதில்லை. சரக்கு மாஸ்டரிடம் சந்தேகம் கேட்கவே அஞ்சுகிற வயது அது.

எண்ணெய்ச்சட்டியையே எடுத்துக்கொள்வோம். வடை வேகும் பக்குவத்தில் எண்ணெய் ஏறக்குறைய 180 டிகிரி சூட்டில் இருக்கிறது. அது தீப்பற்றிய சமயத்தில், நெருப்பைக் கண்டதும் தண்ணீரைத் தேடுகிற மனித சுபாவப்படி பையன் ஒரு குவளை நீரை அதில் ஊற்றிவிட்டானானால், எண்ணெயைவிடக் கனமான அந்நீர் அடியில் இறங்கி, க்ஷணத்தில் ஆவியாகி, தன் அளவைப்போல் ஏறத்தாழ 1,700 மடங்காக விரிந்து, எரிகிற எண்ணெயைக் கூரைமட்டும் வாரி இறைத்துவிடும். அடுப்பை அணைத்து, சட்டியை உலோக மூடியால் மூடி, ஆறும் வரையில் அதைத் திறவாதிருப்பதே செய்யத் தக்கது. வெந்த கையில் மாவு, மை, பற்பசை என்று அகப்பட்டதை அப்பும் வழக்கமும் ஒழிய வேண்டும். ஐஸை வைப்பதும் தவறு. ஓடுகிற குளிர்ந்த குழாய்நீரில் 20 நிமிஷம் காட்டுவதே முதல் சிகிச்சை. சாப்பாட்டு நேரத்துக் கூட்டத்தில் அவ்வளவு நேரம் ஓர் ஆளை விடுவதா என்று தயங்குவார்கள். அந்த 20 நிமிஷத்தை எந்த வாடிக்கையாளரின் அவசரத்துக்காகவும் பறிக்க ஒருவருக்கும் உரிமையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கிரைண்டர் ஓடும்போதே மாவை வழித்துவிடலாகாது. மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறுகூடச் சிக்கிக்கொண்டு கையை இழுத்துவிடும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானதாதலால், கசிந்தால் தரையோரமாகத் தங்கும். வாடை வந்தவுடன் எந்த ஸ்விட்சையும் தொடாமல், சிலிண்டரை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது ஓட்டலின் பின்புறத்துக் கழிவுநீர்த் தொட்டி. 2019 ஜூன் மாதத்தில், குஜராத்தில் வதோதரா மாவட்டத்துத் தபோய்க்கு அருகே, ஓர் ஓட்டலின் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய துப்புரவுத் தொழிலாளர் 4 பேரும், அந்த ஓட்டலின் சிப்பந்திகள் 3 பேருமாக 7 உயிர்கள் மாண்டன. மயங்கியவனைத் தூக்க இறங்குகிறவனும் அதே விஷக்காற்றைத்தான் சுவாசிக்கிறான். தக்க பாதுகாப்புச் சாதனமின்றி மனிதனை அதில் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் முதலாளி சொன்னதும் மறுக்கத் தெரியாமல் இறங்குகிற பையனுக்கு அந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்வார் யார்?

14 வயது நிரம்பாதவர்களை ஓட்டல், டீக்கடை வேலையில் வைப்பது 2006 அக்டோபரிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. வயது வந்த பிள்ளைகளுக்கோ இ.எஸ்.ஐ. என்னும் காப்பீடு இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஸ்தாபனத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுகிறவருக்காக, நூற்றுக்கு மூன்றேகால் ரூபாய் முதலாளியும் முக்கால் ரூபாய் தொழிலாளியும் செலுத்தினால், வேலையில் சேர்ந்த முதல் நாளே காயம் பட்டாலும் சிகிச்சையும், தேறி வரும்வரை கூலியில் 90 சதவீதமும் கிடைக்கும். பெயர் பதியப்படாத பையன் இவற்றைப் பெற அலைய வேண்டியிருக்கும். ஆதலால் வேலைக்குப் போகிற பிள்ளையும், அவனை அனுப்பிவைக்கிற பெற்றோரும், சம்பளம் எவ்வளவு என்று விசாரிக்கும்போதே, இ.எஸ்.ஐ.யில் பெயர் பதிந்து எண் கொடுப்பீர்களா என்பதையும் கூச்சமின்றிக் கேட்டுவிட வேண்டும்.