ஓடுவதற்குப் பழையது, நிற்பதற்குப் புதியது

வீட்டு வண்டி பழுதுற்றால் வீட்டின் வரவு செலவும் பழுதுறும். இவ்வுண்மையை எம்மைப் போன்ற ஆசிரியர்கள் நன்கறிவர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆயினும் புதிய காரின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாக் கனியே. ஆகவே உள்ள வண்டியைப் பேணுதலே விவேகம். அதற்குக் கைகொடுப்பவை, கழிக்கப்பட்ட வண்டிகளிலிருந்து பிரித்தெடுத்த பழைய உதிரிப்பாகங்கள். இவ்வணிகத்துக்குக் கொழும்பிலே பஞ்சிகாவத்தை பெயர்பெற்ற இடமாகும்.

எம்மிடமுள்ளது தந்தையார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர், 1958ஆம் ஆண்டினது. பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில், சிறிது பெற்றோல் ஊற்றிக் கிளப்பியபின் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, எம் பாட்டியாரைத் தென்மராட்சிக்குச் சுமந்து சென்றதும் அதுவே. அதனை விற்க எமக்கு மனம் வந்ததில்லை.

சென்ற ஆண்டு அதன் கதவொன்று துருவேறி இற்றது, டைனமோவும் செயலிழந்தது. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடமொன்றில் இவ்விரண்டையும், புதியவற்றின் விலையில் மூன்றிலொரு பங்குக்குப் பெற்றோம். மகிழ்ச்சி மேலிட, பிறேக்குக்குரிய இறப்பர்க் குழாயொன்றையும் அங்கேயே மலிவாக வாங்கிவந்தோம்.

எமது ஊரிற் கராஜ் நடத்தும் முதியவர் கதவையும் டைனமோவையும் பூட்டினார். குழாயை மட்டும் கையில் எடுத்து வளைத்துக் காட்டினார். வளைவிலே மயிரிழை போன்ற வெடிப்புகள் பல தோன்றின.

“மாஸ்ரர், கார் ஓடாட்டிலும் பரவாயில்லை, நிக்கவேணும். உதிலைதானே பிள்ளையளை ஏத்துறியள்?” என்றார்.

“புதுசே போடுங்கோ அண்ணை” என்பதன்றி வேறொன்றும் சொல்ல எமக்கு வாய் எழவில்லை.

இவ்வகை வண்டியில் நான்கு சில்லுகளின் பிறேக்கும் ஒரே எண்ணெய்த் தொகுதியால் இயங்குவன. ஒரு குழாய் வெடிப்பின் நான்கும் செயலறும். நாம் மிச்சம் பிடித்த தொகை ஒரு வாரச் சந்தைச் செலவுக்கும் போதாது. அதற்குப் பணயமாக வைக்கவிருந்ததோ எம் பிள்ளைகளின் உயிர்!

அன்றுமுதல் நாம் கைக்கொள்ளும் நெறி எளியது. கதவு, கண்ணாடி, விளக்கு, பம்பர், ஆசனம், டைனமோ, ஸ்ராட்டர் ஆகியவற்றைப் பழையனவாக வாங்கலாம். இவை பழுதுற்றால் வண்டி அழகு குன்றும், அல்லது கிளம்பாது நிற்கும்; அவ்வளவே. பிறேக் பாகங்கள், சுக்கானின் மூட்டுகள் ஆகியன புதியனவாகவே இருத்தல் வேண்டும். பிந்திய காலக் கார்களின் ஆசனப் பட்டிக்கும் காற்றுப் பைக்கும் இவ்விதி பொருந்தும். ரயரும் அவ்வாறே. அதன் பக்கத்திற் பொறித்துள்ள நான்கு இலக்கங்களை நோக்குக. 2319 எனின், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் உற்பத்தியானது என்பது பொருள்.

பழையது வாங்கச் செல்வோர் கழற்றிய பாகத்தையும் உடன் கொண்டுசெல்லல் நன்று. பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றாகாது. மொறிஸ் மைனரின் முன்கண்ணாடி 1956 வரை இரு துண்டுகளாக இருந்தது, பின்னரே ஒன்றாயிற்று. அவ்வாண்டில் 803 கன சென்ரிமீற்றர் இயந்திரம் 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் பெருத்தது. சட்டைப்பையில் ஒரு சிறு காந்தமும் இருக்கட்டும். கதவிலே காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை. துருவை மறைத்த பூச்சே உண்டு. டைனமோவின் அச்சைக் கையாற் சுழற்றுக. கரகரவென ஒலிப்பின் வேண்டாம். பற்றுச்சீட்டையும் கேட்டுப் பெறுக. அதனைத் தர மறுப்பவரிடம் உள்ள பொருள் எவருடையதோ, யாரறிவார்?

பழைய கதவுடனும் புதிய குழாயுடனும் எமது மொறிஸ் இன்றும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச்செல்கின்றது. கதவின் நிறம் சற்றே வேறுபட்டதெனப் பிள்ளைகள் குறைகூறுவர். அக்குறையை நாம் பொருட்படுத்துவதில்லை. சிக்கனம் நல்ல குணமே. அது எங்கே நிற்கவேண்டும் என்பதை அறிதலும் சிக்கனத்தின் பாற்பட்டதே.