அந்தரத்தில் பத்து விநாடி

2013-ல் ஜப்பானியப் பள்ளி மாணவிகள் எடுத்த சில புகைப்படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. நடுவில் ஒருத்தி ‘டிராகன் பால்’ அனிமே நாயகன் கோக்குவைப் போல உள்ளங்கைகளைச் சேர்த்து முன்னே தள்ளி நிற்பாள். அவளைச் சுற்றித் தோழிகள், சக்தி அலை தாக்கித் தூக்கியெறியப்பட்டவர்களாக அந்தரத்தில் மிதப்பார்கள். எல்லோரும் ஒன்றாகக் குதித்த கணத்தைக் கேமரா பிடித்துவிட்டது, அவ்வளவுதான். 40 செ.மீ. உயரம் குதிப்பவர் காற்றில் இருப்பது சுமார் 0.57 விநாடி.

குதிக்காமல் அதே மிதப்பைக் காட்ட முடியுமா? கோக்கு வானில் பறப்பதுபோல் உடல் தரைக்குக் கிடையாக, கால் எங்கும் ஊன்றாமல், பத்து விநாடி அசையாமல் இருக்க முடியுமா? முடியும். ஜிம்னாஸ்டிக்ஸில் இதற்கு ‘பிளான்ச்’ என்று பெயர். தண்டால் எடுக்கும் நிலையிலிருந்து கால்களைத் தரையைவிட்டு எடுத்துவிட்டால் எப்படியோ, அப்படி. அனிமே நாயகர்களைப் போல் நிற்க ஆசைப்பட்டு உடற்பயிற்சியில் இறங்கும் இளைஞர்கள் பலர் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

வரைந்த உருவத்துக்கு எடை கிடையாது. நமக்கு உண்டு. உடலின் ஈர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. கீழே விழாமல் இருக்க வேண்டுமானால் அந்த மையம் உள்ளங்கைகளுக்கு நேர் மேலே வந்தாக வேண்டும். அதனால் தோள்கள் கைகளைத் தாண்டி வெகுதூரம் முன்னே சாய்கின்றன. 60 கிலோ எடையும் 170 செ.மீ. உயரமும் உள்ள ஒருவருக்குத் தோளிலிருந்து அந்த மையம் 40 செ.மீ.க்கு மேல் தள்ளி இருக்கும். கணக்குப் போட்டால், இரண்டு கைகளையும் முழங்கை மடங்காமல் முன்னால் நீட்டி, ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிட்ட பாரம் தோளின் முன்பக்கத் தசைக்கு வருகிறது.

நன்றாகச் செய்பவரைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். முகத்தைப் பார்க்காமல் கைகளைக் கவனியுங்கள். விரல் நுனிகள் தரையைக் கவ்வி வெளுத்திருக்கும். உடல் இம்மி முன்னே சாய்ந்தால் விரல்கள் அழுத்தித் தள்ளும். பின்னே போனால் உள்ளங்கையின் அடிப்பகுதி பாரத்தை வாங்கும். அசையாமல் இருப்பதாக நமக்குத் தெரியும் பத்து விநாடியும் மணிக்கட்டு ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது.

நேரடியாக இந்த நிலைக்குப் போக யாராலும் முடியாது. முழங்கால்களை மார்போடு குறுக்கிக்கொண்டால் ஈர்ப்பு மையம் தோளை நெருங்குகிறது. பாரம் ஏறக்குறைய பாதிக்கு இறங்குகிறது. பிறகு முதுகை நேராக்குவது, கால்களை அகல விரித்து நீட்டுவது, கடைசியாகச் சேர்த்து நீட்டுவது. எடை கூடுவதே இல்லை, நெம்புகோலின் நீளம்தான் கூடுகிறது. நெடிய கால்கள் இங்கே பாதகம். ‘ஜோஜோ’ அனிமே தொடரின் நாயகன் ஜோட்டாரோ 195 செ.மீ. உயரம், 2012, 2016 ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் தனிநபர் ஒட்டுமொத்தத் தங்கம் வென்ற கோஹெய் உச்சிமுரா 162 செ.மீ. அந்த உச்சிமுராவும் ‘மாங்கா’ எனும் ஜப்பானியச் சித்திரக்கதைகளின் ரசிகர்தான். அவர் விரும்பிய ‘கன்பா! ஃப்ளை ஹை’ தொடரின் மூலக்கதை, 1984 ஒலிம்பிக்கில் கிடைக்கம்பியில் தங்கம் வென்ற ஷின்ஜி மோரிசுவேயுடையது. உடலை அறிந்தவர் எழுதிய கதை.

இதற்கு நேர் எதிர், ‘ஒன் பஞ்ச் மேன்’ நாயகன் சைதாமாவின் பயிற்சிப் பட்டியல். நாள் தவறாமல் 100 தண்டால், 100 சிட்-அப், 100 பஸ்கி, 10 கி.மீ. ஓட்டம். இதைப் பின்பற்றினால் தாக்குப்பிடிக்கும் திறன் வளரும், ஆனால் பிளான்ச் வராது. சாதாரணத் தண்டாலில் கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மீதியைக் கால்கள் ஏற்கின்றன. நூறு முறை செய்ய முடிகிற ஒன்று, ஒரே ஒரு முறைகூட முடியாத ஒன்றுக்கு உடலைத் தயார்செய்வதில்லை.

இளைஞர்கள் அடிபடுவது பெரும்பாலும் தசைநாணில். பயிற்சியின் முதல் வாரங்களில் கூடும் பலம் நரம்புகள் தசையை நன்றாகக் கையாளக் கற்பதால் வருவது. தசை அதற்கடுத்து வளர்கிறது. தசையை எலும்போடு கட்டும் நாண் மிகவும் பின்தங்கி வருகிறது. எவ்வளவு மெதுவாக என்பதை 2013-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1955 முதல் 1963 வரை நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவைக் கூட்டின; அது உணவு வழியே அக்கால மனிதர்களின் உடலில் சேர்ந்தது. இறந்தவர்களின் குதிகால் நாணில் அதை அளந்தபோது, நாணின் நடுப்பகுதி சுமார் 17 வயதுக்குள் உருவானதோடு சரி, பிறகு புதுப்பிக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. தசையில் அப்படி இல்லை, அங்கே புதுப்பித்தல் தொடர்ந்து நடந்திருந்தது.

இது குதிகாலில் கண்டது. முழங்கை நாணும் பளுவுக்கேற்ப விறைப்பைக் கூட்டிக்கொள்ளக்கூடியதே, ஆனால் அதற்கு மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். கை மடங்காத பிளான்ச்சில் முழங்கையின் உள்மடிப்பில்தான் முதலில் வலி தெரியும். தோள் தயாராகிவிட்டது என்பதற்காக அடுத்த நிலைக்குத் தாவக்கூடாது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் பத்து விநாடி, அதற்கு முன் மணிக்கட்டுக்குச் சூடேற்றும் பயிற்சி. வலி வந்தால் அன்றே ஒரு நிலை பின்னால் போய், முழங்காலை மறுபடி மார்போடு குறுக்கிக்கொண்டு சில வாரம் அங்கேயே இருக்க வேண்டும்.