கருவுயிர்த்தல்



உயர்தர வகுப்பில் பழைய உரையொன்றைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது 'கருவுயிர்த்தல்' என்ற சொல் வந்தது. பிள்ளை பெறுதல் என்று பொருள் சொன்னேன். ஒரு மாணவி எழுந்தாள். "சேர், வயிற்றுக்குள்ளேயே பிள்ளைக்கு உயிர் இருக்குதானே? பிறகேன் பிறக்கும்போது உயிர்த்தது என்கிறோம்?"

நல்ல கேள்வி. உயிர்த்தல் என்பதற்கு மூச்சுவிடுதல் என்றும் பொருள், ஈனுதல் என்றும் பொருள். பெருமூச்சை 'நெட்டுயிர்ப்பு' என்கிறோம் அல்லவா? மூச்சும் பிறப்பும் ஒரே சொல்லில் அடங்குவதன் பொருத்தத்தை நம் உடலே காட்டுகிறது.

கருப்பையில் சிசு நீர்க்குடத்தினுள் மிதக்கிறது. அதன் சுவாசப்பைகளில் காற்றில்லை, திரவமே நிறைந்திருக்கிறது. வேண்டிய ஒட்சிசன் தாயின் இரத்தத்திலிருந்து சூல்வித்தகத்தினூடாகத் தொப்புள்கொடியில் வந்து சேர்கிறது. ஆகவே சுவாசப்பைக்குச் சிறிதளவு இரத்தமே செல்கிறது. மிகுதி, இதயத்தின் மேலறைகளுக்கு இடையிலுள்ள துவாரம் முதலிய குறுக்கு வழிகளால் கடந்துவிடுகிறது.

பிறந்த பிள்ளை முதல் மூச்சை இழுத்ததும் சுவாசப்பை விரிகிறது, திரவம் விலகுகிறது, இரத்தம் அங்கே பாய்கிறது, இதயத்துவாரத்தின் கதவு சாத்திக்கொள்கிறது. தாயின் மூச்சால் வாழ்ந்த உயிர் தன் மூச்சால் வாழத் தொடங்குகிறது. உயிர் முன்பே இருந்தது; உயிர்ப்புத்தான் புதிது.

எங்கள் கல்முனைக் கரையில் முஸ்லிம் வீடுகளில் பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு சொல்வார்கள். இந்து வீடுகளின் சடங்குகள் வேறு. ஆனால் வாசலில் காத்திருப்பவர் எவராயினும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "புள்ள அழுதிச்சா?" முதல் அழுகை மூச்சு வந்துவிட்டதற்குச் சாட்சி.

எனக்குப் பின் எங்கள் வீட்டில் ஒரு தம்பி பிறந்தான். எண்பதுகளின் நடுப்பகுதி, வீட்டிலேதான் பிரசவம். மருத்துவிச்சி முதுகைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாராம். அவன் அழவில்லை. அம்மா இன்றுவரை 'செத்துப்போனான்' என்று சொன்னதில்லை. "அவன் மூச்செடுக்கல்ல மகன்" என்றுதான் சொல்வார்.

இன்று வைத்தியசாலையில் பிள்ளையைத் துடைத்து, முதுகைத் தேய்த்தும் மூச்சு வராவிட்டால், முதல் ஒரு நிமிடத்துக்குள் முகமூடி வைத்துக் கைப்பையால் காற்றுச் செலுத்துகிறார்கள். எத்தனையோ பிள்ளைகள் அப்படி உயிர்த்திருக்கிறார்கள்.

சொற்பொருளை அகராதியில் படித்தவன் நான். அம்மா அதைத் தன் மடியில் அறிந்தவர். மாணவிக்கு அம்மாவின் வாக்கியத்தையே விடையாகச் சொன்னேன்.