ஷேட் கார்டில் அழகா இருந்த 'கூல் ஆஃப் ஒயிட்' சுவரில் ஏன் மாறிப்போகிறது?

"கார்டுல பார்த்தப்போ பளிச்சுனு இருந்துச்சு. அடிச்சு முடிச்சு ராத்திரி லைட்டைப் போட்டா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு!" புதிதாக பெயின்ட் அடித்த வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. பழி பெயின்டர் மேல் விழும். இல்லையென்றால் கடைக்காரர் மேல். பல நேரம் இரண்டு பேர் மேலும் தப்பில்லை. வெளிச்சம் செய்யும் வேலை அது.

கூல் ஆஃப் ஒயிட் என்றால் என்ன?

வெள்ளையில் துளி நிறம் கலந்தால் ஆஃப் ஒயிட். மஞ்சள், சிவப்புச் சாயல் தெரிந்தால் அது 'வார்ம்'. நீலம், சாம்பல், பச்சைச் சாயல் என்றால் 'கூல்'. நமக்கு இது புதுசும் இல்லை. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது கொஞ்சம் நீலம் கரைத்து ஊற்றுவார்களே, அதே கணக்குதான். அந்த நீலம் சுண்ணாம்பின் மஞ்சள் சாயலை அடக்கி, சுவரை வெளுப்பாகக் காட்டும்.

வீட்டுக்குள் சூடு குறையுமா?

குறையாது. 'கூல்' என்பது கண்ணுக்கு மட்டும்தான். சூடு குறைய வேண்டுமென்றால், வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை மொட்டைமாடியில் அடிக்க வேண்டும். உள்சுவரில் வெளிர் நிறம் அடித்தால் கிடைக்கும் லாபம் வேறு: வெளிச்சம் அறை முழுக்கப் பரவும், சின்ன ஹாலும் கொஞ்சம் விசாலமாகத் தெரியும்.

எந்த அறைக்கு செட் ஆகும்?

மேற்கு ஜன்னல் உள்ள அறைக்கு நன்றாகப் பொருந்தும். சாயங்கால வெயிலின் மஞ்சளை இந்த நிறம் சமன் செய்துவிடும். வடக்கு ஜன்னல் மட்டுமே உள்ள அறையிலும், பக்கத்து வீட்டுச் சுவர் மறைக்கும் அறையிலும் இதே நிறம் சாம்பல் பூத்ததுபோல் மங்கிவிடும். அங்கே வார்ம் ஆஃப் ஒயிட் நல்லது. தரையையும் கவனியுங்கள். சிவப்பு ரெட் ஆக்சைடு தரை இருந்தால், சுவரின் கீழ்ப்பகுதியில் லேசான செம்மை தெரியும்.

ராத்திரியில் ஏன் வேறு நிறம்?

பல்பு அட்டையில் 'கெல்வின்' என்று ஓர் எண் இருக்கும். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம். 3000 என்றால் மஞ்சள் வெளிச்சம். கூல் சுவரில் 6500 விழும்போதுதான் அந்த 'ஆஸ்பத்திரி' லுக் வருகிறது. ஏற்கெனவே அடித்துவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். சுவரை மாற்றும் முன் 3000 அல்லது 4000 கெல்வின் பல்பைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

வாங்கும் முன் என்ன செய்யணும்?

* ஷேட் கார்டை ஒரு வெள்ளை A4 தாள் பக்கத்தில் வையுங்கள். ஒளிந்திருக்கும் சாயல் தெரிந்துவிடும்.

* சின்ன டப்பா வாங்கி, இரண்டு சுவர்களில் 2 அடிக்கு 2 அடி, இரண்டு கோட் அடியுங்கள். காய்ந்த பிறகு காலை, மதியம், இரவு என மூன்று நேரமும் பாருங்கள்.

* சுவரில் ஓதம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வெளிர் நிறத்தில் கறை சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்.

* ஷேட் எண்ணைக் குறித்து வையுங்கள். நாளைக்கு டச்-அப் செய்யும்போது தேடி அலைய வேண்டியதில்லை.

இந்தச் சோதனைக்கு ஒரு சின்ன டப்பா, ஒரு நாள் செலவாகும். அதில் திருப்தி வந்த பிறகு 20 லிட்டர் வாளிக்குப் பணம் கொடுங்கள்.