கெட்டியான பிரெட் வேறு, காய்ந்த பிரெட் வேறு

பிரெஞ்சு டோஸ்ட்டுக்குத் தேவையானவை கொஞ்சம்தான்: பிரெட், முட்டை, பால், சிறிது சர்க்கரை, வெண்ணெய். முட்டை இல்லாமலும் ஒரு காலத்தில் செய்திருக்கிறார்கள். அபிசியஸ் பெயரில் கிடைத்திருக்கும் பழைய ரோமானியச் சமையல் நூலில், ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் பொரித்து, மேலே தேனை ஊற்றிப் பரிமாறும் குறிப்பு இருக்கிறது.

முட்டையின் வேலை என்ன என்று பார்ப்போம். முட்டை கலந்த பால் பிரெட்டின் துளைகளுக்குள் இறங்குகிறது. சூடு ஏறும்போது முட்டையின் புரதம் இறுகி, அந்தப் பாலை அங்கேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. வெறும் முட்டை 65 டிகிரி செல்சியஸை ஒட்டி இறுக ஆரம்பிக்கும். பாலும் சர்க்கரையும் சேர்ந்துவிட்டால் 80 டிகிரியை நெருங்க வேண்டும். அதனால்தான் மிதமான தீ. தீ கூடினால் வெளியே கருகும், உள்ளே சொதசொதவென்று கிடக்கும்.

"பழைய பிரெட்டில் செய்தால்தான் நன்றாக வரும்" என்பார்கள். உண்மைதான். ஆனால் பிரெட் பழசானால் ஈரம் போய்விடும், அதனால்தான் கெட்டியாகிறது என்று நாம் எல்லோருமே நினைத்துக்கொள்கிறோம். அது அப்படியில்லை. 1852இல் பூசங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர், ஈரம் வெளியேறாதபடி பிரெட்டை மூடிவைத்துப் பார்த்தார். அப்போதும் அது கெட்டியானது. 60 டிகிரிக்குச் சூடாக்கியதும் பழையபடி மெத்தென்று ஆனது.

காரணம் மாவுச்சத்து. ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்த சோறு காலையில் விறைத்துப்போய், சூடாக்கினால் மறுபடி இளகுகிறதல்லவா, அதேதான் பிரெட்டிலும். வெந்த மாவுச்சத்து ஆறும்போது மெல்ல மெல்ல வரிசை கட்டி இறுகுகிறது. தண்ணீர் எங்கும் போவதில்லை.

ஆகவே, பாக்கெட்டுக்குள் மூன்று நாள் கிடந்த பிரெட் கைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் அதன் ஈரம் அப்படியே இருக்கும். கல்லில் சூடு பட்டதும் அது குழைந்துவிடும். நமக்குத் தேவை, ஈரம் குறைந்து பாலுக்கு இடம் விட்ட பிரெட். முந்தின இரவே துண்டுகளைத் தட்டில் பரப்பிக் காற்றாட விடலாம். அவசரமென்றால், எண்ணெய் விடாத தோசைக்கல்லில் சிறு தீயில் இரண்டு பக்கமும் நிறம் மாறாமல் உலர்த்திக்கொள்ளலாம்.

இது தெரிந்துவிட்டால் ஊருக்கு ஊர் மாறும் செய்முறையும் புரியும். ஸ்பெயினில் புனித வாரத்தில் செய்யும் 'தொர்ரிஹாஸ்' நிறையப் பால் குடிப்பது. பட்டையும் எலுமிச்சைத் தோலும் போட்டுக் காய்ச்சிய பாலில் தடித்த துண்டுகளை ஊறவைத்து, பிறகு தனியாக அடித்த முட்டையில் புரட்டி, எண்ணெயில் பொரிக்கிறார்கள். பால் வெளியே வராமல் முட்டை மேலே உறைபோலக் காக்கிறது. ஹாங்காங் தேநீர்க் கடைகளில் இரண்டு துண்டுகளுக்கு நடுவே வேர்க்கடலை வெண்ணெய் தடவி, முட்டையில் தோய்த்துப் பொரித்து, மேலே வெண்ணெய்த் துண்டு வைத்துத் தருவார்கள். அங்கே பிரெட் பாலில் ஊறுவதில்லை, அதனால் மெத்தென்ற புது பிரெட்டே போதும். வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பால் விடாமல் நம் வீடுகளில் செய்யும் கார டோஸ்ட்டுக்கும் இதே கணக்குதான். பால் கூடக் கூடத்தான் பிரெட் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.