டிஜிட்டல் கேமரா வாங்கப் போகிறீர்களா? இரண்டாவது எண்ணைப் பாருங்கள்!

கையில் மொபைல் போன் இருக்கும்போது தனியாக டிஜிட்டல் கேமரா எதற்கு என்று பலரும் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். வீட்டில் அன்றாடம் எடுக்கும் படங்களுக்கு போனே போதும். ஆனால், சுற்றுலா சென்று திரும்பி, படங்களை கம்ப்யூட்டர் மானிட்டரில் பெரிதாக்கிப் பார்க்கையில் இரண்டு குறைகள் தெரியவரும். தூரத்தில் இருந்தவை எல்லாம் வர்ணம் பூசியது போலக் குழைந்து இருக்கும். மாலை வெளிச்சத்தில் எடுத்த படங்களில், அசைந்தவர்கள் எல்லாம் கலங்கி இருப்பார்கள்.

இந்த இரண்டையும் தீர்ப்பதற்காகவே ஜூம் உள்ள சிறிய கேமராவை வாங்க நினைக்கிறோம். கடைக்காரர் ஒரு பெட்டியைக் காட்டி, "இது 30 எக்ஸ் ஜூம் சார்" என்பார். வாங்கி வந்து பயணத்திற்கு எடுத்துச் சென்றால், பகலில் படங்கள் பளிச்சென்று வரும். பொழுது சாய்ந்ததும் பழைய கதைதான். பணம் போனது ஒரு பக்கம். தவறிய படத்தை எப்படித் திரும்ப எடுப்பது? அடுத்த முறை அந்த ஊருக்குச் செல்லும்போது குழந்தை வளர்ந்துவிட்டிருக்கும். தாத்தா உடன் வருவாரா என்பதும் தெரியாது.

எனவே கேமரா வாங்கும் முன் ஒரு உண்மையைத் தெரிந்துகொள்வது நல்லது. சட்டைப் பையில் அடங்கும் அளவு, நீளமான ஜூம், குறைந்த வெளிச்சத்தில் நல்ல படம் ஆகிய மூன்றும் ஒரே கேமராவில் முழுமையாகக் கிடைக்காது. இரண்டைப் பிடித்தால் மூன்றாவதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதைச் சொல்லும் எண்கள் லென்ஸைச் சுற்றி அச்சிடப்பட்டிருக்கும். அவற்றைப் படிப்பது எப்படி என்று பார்ப்போமா?

லென்ஸில் எழுதியிருப்பது என்ன?

சோனி ஆர்.எக்ஸ்.100 மார்க் 7 என்ற கேமராவை எடுத்துக்கொள்வோம். இது 2019ல் வந்தது. இதன் லென்ஸ் 24-200 மி.மீ., எப்/2.8-4.5 ஆகும்.

முதல் ஜோடி எண்கள் ஜூமைக் குறிக்கின்றன. 24 மி.மீ. என்பது அகலமான காட்சி. ஒரு கோபுரம் முழுவதையும் அருகில் நின்றே எடுக்க இது உதவும். 200 மி.மீ. என்பது தூரத்தில் உள்ளதை அருகில் கொண்டுவரும் முனை. இவை பழைய 35 மி.மீ. பிலிம் கேமராவின் அளவில் சொல்லப்படும் எண்கள். சில கேமராக்களின் லென்ஸிலேயே வேறு சிறிய எண்கள் அச்சாகியிருக்கும். அப்படியானால், கையேட்டில் 35 மி.மீ. கணக்கில் தந்துள்ள எண்களைப் பார்க்கவும்.

எக்ஸ் என்பது பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்த விடை மட்டுமே. 200ஐ 24ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8 எக்ஸ். 24ல் தொடங்கும் கேமராவும் 28ல் தொடங்கும் கேமராவும் 10 எக்ஸ் என்றே விற்கப்படலாம். சிறிய அறைக்குள் குடும்பம் முழுவதையும் ஒரே படத்தில் எடுக்க 24தான் உதவும். எனவே எக்ஸை விட்டுவிட்டு இரண்டு மி.மீ. எண்களையும் பாருங்கள். டிஜிட்டல் ஜூம் என்று போட்டிருப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அதை வீட்டில் கம்ப்யூட்டரிலேயே செய்துகொள்ளலாம்.

இரண்டாவது ஜோடி எப் எண்கள். லென்ஸின் துவாரம் எவ்வளவு திறக்கும் என்பதை இவை சொல்கின்றன. எண் சிறியதாக இருந்தால் துவாரம் பெரியது, வெளிச்சம் அதிகம். எப்/2.8 என்பது ஜூம் செய்யாதபோது, எப்/4.5 என்பது முழு ஜூமில். விளம்பரங்களில் முதல் எண்ணைத்தான் பெரிதாகப் போடுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை.

எப் எண் இரு மடங்கானால் வெளிச்சம் பாதியாகக் குறையும் என்று எண்ண வேண்டாம். நான்கில் ஒரு பங்காகக் குறையும். எப்/2.8ல் கிடைக்கும் வெளிச்சத்தில் எப்/5.6ல் கிடைப்பது கால் பங்கு. எப்/6.4 என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு.

சென்சார் எவ்வளவு பெரியது?

லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தைப் பிடிப்பது சென்சார். சிறிய ஜூம் கேமராக்களில் பெரும்பாலும் இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று 1/2.3 இன்ச். இதன் உண்மையான அளவு சுமார் 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம். மற்றொன்று 1 இன்ச். இது 13.2 மி.மீ. அகலம், 8.8 மி.மீ. உயரம். பெயரில்தான் 1 இன்ச் உள்ளது. மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மி.மீ.தான் வரும். பழைய டி.வி. கேமராக்களில் இருந்த குழாய்களின் வெளி விட்டத்தை வைத்து அந்நாளில் இட்ட பெயர் இன்னும் தொடர்கிறது.

பெயர் எப்படி இருந்தாலும், 1 இன்ச் சென்சாரின் பரப்பு மற்றதைப் போல நான்கு மடங்கு. ஒரே எப் எண், ஒரே ஷட்டர் வேகம் என்றாலும் நான்கு மடங்கு வெளிச்சத்தைச் சேகரிக்கும். மாலையில் எடுக்கும் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் இதனால் வெகுவாகக் குறையும். சென்சார் பெரிதானால் லென்ஸும் பெரிதாக வேண்டும். அதனால்தான் பையில் அடங்கும் 1 இன்ச் கேமராவில் 30 எக்ஸ் ஜூம் வைக்க முடிவதில்லை.

கன்னியாகுமரியில் ஒரு கணக்கு

எவ்வளவு ஜூம் நமக்குத் தேவை? கடலில் நிற்கும் திருவள்ளுவர் சிலையைக் கொண்டு கணக்கிடுவோம். பீடத்துடன் சேர்த்து இதன் உயரம் 133 அடி, அதாவது சுமார் 40 மீட்டர். கரையில் அரை கிலோமீட்டர் தூரத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம்.

24 மி.மீ.ல் எடுத்தால், படத்தின் உயரத்தில் சிலை பன்னிரண்டில் ஒரு பங்குதான் இருக்கும். 100 மி.மீ.ல் மூன்றில் ஒரு பங்கு. 200 மி.மீ.ல் மூன்றில் இரண்டு பங்கு. 360 மி.மீ. வைத்தால், கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால்தான் சிலை படத்திற்குள் அடங்கும். 720 மி.மீ.ல் எப்படிப் பிடித்தாலும் முழுச் சிலை வராது. ஆகவே, இவ்வளவு தூரத்திற்கே 200 மி.மீ. போதுமானது. சாதாரணச் சுற்றுலாவில் அதற்கு மேல் தேவைப்படும் இடங்கள் குறைவு.

இனி, சூரியன் மறைந்த பிறகு அதே கரையில் நிற்போம். ஜூம் செய்யாமல் எப்/2.8, ஐ.எஸ்.ஓ. 400, ஷட்டர் 1/60 நொடி என்று வைத்தால் சரியாக வரும் வெளிச்சம் என்று கொள்வோம். 200 மி.மீ., எப்/4.5க்குச் சென்றால் ஷட்டர் ஏறத்தாழ 1/25 நொடியாகக் குறைய வேண்டும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் வசதி கேமராவில் இருந்தால் அசையாத சிலை தெளிவாகவே வரும்.

ஆனால், அதே வெளிச்சத்தில் மேடையில் நடனம் ஆடுபவரை எடுக்க வேண்டுமானால்? ஸ்டெபிலைசேஷன் உங்கள் கையின் அசைவை மட்டுமே சரி செய்யும். ஆடுபவரின் அசைவை நிறுத்த 1/250 நொடி வேண்டும். அதற்கு எப்/4.5ல் ஐ.எஸ்.ஓ. 4000க்கு மேல் செல்லும். எப்/6.4ல் ஏறத்தாழ 8700. இந்த எப்/6.4 கேமராவின் சென்சாரும் 1/2.3 இன்ச் ஆக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். படத்தில் முகம் இருக்கும், முகபாவம் இருக்காது. பிளாஷ் போடலாமே என்றால், சிறிய கேமராவின் பிளாஷ் வெளிச்சம் சில மீட்டர் தூரம் மட்டுமே எட்டும்.

எந்த வகை உங்களுக்கு?

மாலை, இரவு, விசேஷங்கள், குடும்பம் என்று எடுப்பவர்களுக்குக் குறைந்த ஜூமும் பெரிய துவாரமும் உள்ள 1 இன்ச் கேமரா ஏற்றது. 2016ல் வந்த கேனான் பவர்ஷாட் ஜி7 எக்ஸ் மார்க் 2, 24-100 மி.மீ., எப்/1.8-2.8 லென்ஸ் கொண்டது. 2014ல் வந்த சோனி ஆர்.எக்ஸ்.100 மார்க் 3, 24-70 மி.மீ., எப்/1.8-2.8.

பகல், மாலை இரண்டிற்கும் ஒரே கேமரா வேண்டும் என்பவர்களுக்கு நடுத்தர ஜூம். மேலே சொன்ன ஆர்.எக்ஸ்.100 மார்க் 7 இந்த வகை. 2016ல் வந்த பானசோனிக் டி.இசட்.100, 25-250 மி.மீ., எப்/2.8-5.9. 2018ல் வந்த டி.இசட்.200, 24-360 மி.மீ., எப்/3.3-6.4. ஜூம் கூடக்கூட இரண்டாவது எண்ணும் எப்படிக் கூடுகிறது என்று கவனியுங்கள். சென்சார் மூன்றிலும் 1 இன்ச்தான்.

வேடந்தாங்கலில் பறவைகள், தூரத்து மலை உச்சி என்று பகலிலேயே எடுப்பவர்களுக்கு நீண்ட ஜூம் தரும் 1/2.3 இன்ச் கேமரா போதும். 2018ல் வந்த கேனான் எஸ்.எக்ஸ்.740 எச்.எஸ். 40 எக்ஸ், 24-960 மி.மீ. 2025ல் வந்த பானசோனிக் டி.இசட்.99, 30 எக்ஸ், 24-720 மி.மீ. நல்ல வெயிலில் இவை ஏமாற்றாது. பொழுது சாய்ந்தபின் ஜூம் செய்யாமல் பயன்படுத்தவும்.

போனின் இரவு மோட் போதாதா? அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக இணைக்கிறது. அசையாத கட்டடத்திற்கு அருமையாக வரும். ஓடும் குழந்தைக்கு உதவாது. உங்கள் படங்கள் எல்லாம் முதல் வகை என்றால் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரிடமே கேளுங்கள்

உங்களுக்கு எது தேவை என்பதை உங்கள் பழைய படங்களே சொல்லும். போனில் எடுத்த படங்களை யு.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்திடவும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பிய காப்பி வேண்டாம், அதில் இந்தத் தகவல்கள் நீங்கியிருக்கும். விண்டோஸில் ஒரு படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுக்கவும். கிடைக்கும் கட்டத்தில் டீடெய்ல்ஸ் டேப்பைக் கிளிக் செய்திடவும். எப்-ஸ்டாப், எக்ஸ்போஷர் டைம், ஐ.எஸ்.ஓ. ஸ்பீட், 35 எம்.எம். போகல் லென்த் ஆகியவை அங்கே இருக்கும்.

சென்ற பயணத்தில் உங்களுக்குத் திருப்தி தராத இருபது படங்களை இப்படிப் பாருங்கள். எக்ஸ்போஷர் டைம் 1/15, 1/20 என்று இருந்து ஆட்கள் கலங்கியிருந்தால் உங்களுக்கு வேண்டியது வெளிச்சம். நல்ல பகல் படங்களில் தூரத்துப் பொருட்கள் மட்டும் குழைந்திருந்தால் உங்களுக்கு வேண்டியது ஜூம்.

கடையில் சோதித்தல்

காலியான மெமரி கார்டு ஒன்றை உடன் கொண்டு செல்லுங்கள். கடையின் விளக்குகள் பிரகாசமானவை, அங்கே எல்லாக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும். வெளிச்சம் குறைந்த மூலையைத் தேடி, பிளாஷை அணைத்துவிட்டு, ஜூம் இல்லாமல் ஒரு படமும் முழு ஜூமில் ஒரு படமும் எடுக்கவும். உடன் வந்தவரைக் கையசைக்கச் சொல்லி இன்னொன்று. வீட்டிற்கு வந்து கம்ப்யூட்டரில் 100 சதவீத அளவில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மானிட்டர் முழு எச்.டி. என்றால் அது காட்டுவதே 2 மெகாபிக்ஸல்தான். எனவே 100 சதவீதத்தில் சிறு இரைச்சல் தெரிந்தால் கவலை வேண்டாம். முகம் முகமாகத் தெரிகிறதா என்பதே கேள்வி.

வெயிலில் பின்பக்கத் திரை சரியாகத் தெரியாது. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூபைண்டர் ஆர்.எக்ஸ்.100 மார்க் 7, டி.இசட்.200 ஆகியவற்றில் உண்டு. டி.இசட்.99ல் இல்லை. சார்ஜிங் இணைப்பையும் பாருங்கள். டைப்-சி இருந்தால் போன் சார்ஜரையே பயன்படுத்தலாம். பழைய மாடல்களில் பெரும்பாலும் மைக்ரோ யு.எஸ்.பி.தான்.

மேலே சொன்னவற்றில் சில மாடல்கள் பழைய கேமராவாக மட்டுமே கிடைக்கலாம். அப்படி வாங்கினால், ஜூமை முழுவதும் நீட்டி மடக்கிப் பாருங்கள். தடங்கலோ கரகரவென்ற சத்தமோ இருந்தால் வேண்டாம். துவாரத்தை எப்/8 போலச் சிறிதாக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுக்கவும். படத்தில் கரும்புள்ளி தெரிந்தால் உள்ளே சென்சாரில் தூசி இருக்கிறது. இவ்வகைக் கேமராக்களில் லென்ஸைக் கழற்றித் துடைக்க முடியாது.

இனி கடைக்காரர் "30 எக்ஸ்" என்று சொன்னால், "முழு ஜூமில் எப் எண் எவ்வளவு? சென்சார் எத்தனை இன்ச்?" என்று கேளுங்கள். இந்த இரண்டிற்கும் பதில் கிடைத்த பிறகு விலையைப் பேசலாம்.